நோய் போனது, கிருமி போனதா? - தொண்டைக்கரப்பானின் கதை



2015ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியா மாகாணத்தில் உள்ள ஒலொட் என்னும் சிறு நகரத்தைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். அவனுக்கு வந்தது டிப்தீரியா. நாங்கள் ஊரில் தொண்டைக்கரப்பான் என்று சொல்லும் நோய். தமிழ்நாட்டில் தொண்டை அடைப்பான் என்பார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக ஸ்பெயினில் ஒருவருக்கும் வராதிருந்த நோய் அது. அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் தடுப்பூசி போடுவித்திருக்கவில்லை.

சிறுவன் வைத்தியசாலையில் இருக்கும்போதே சுகாதார அதிகாரிகள் அவனோடு பழகியவர்களை எல்லாம் அழைத்து, தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் சோதித்தார்கள். எட்டுச் சிறுவர்களின் தொண்டையில் அதே கிருமி இருந்தது. அந்த எட்டுப் பேரும் தடுப்பூசி போட்டவர்கள். எட்டுப் பேரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை.

அந்த நாட்களில் இந்தச் செய்தியை நமது வானொலியில் நான் வாசித்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, ஊசி போட்ட பிள்ளையின் தொண்டையிலும் கிருமி இருக்குது எண்டால், பிறகு அந்த ஊசியால என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். எனக்கு அப்போது ஒழுங்கான பதில் தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் வைத்தியன் அல்லன், கணக்கு எழுதுகிறவன். ஆனாலும் கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தேடித் தேடி வாசித்ததில், அந்தக் கேள்விக்கு நூற்று முப்பது ஆண்டு வரலாறு இருப்பது தெரியவந்தது. அதையே இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தோல் போன்ற படலம்

முதலில் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. இன்றைய இளம் தாய்மார் பலர் இந்த நோயைக் கண்டதில்லை. காய்ச்சலும் தொண்டை நோவுமாகத் தொடங்கும். இரண்டு மூன்று நாட்களில் தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தடித்த ஒரு படலம் படரும். அதை உரித்தால் இரத்தம் வரும். அது மூச்சுக் குழாய்வரை இறங்கினால் பிள்ளை மூச்சுத் திணறி இறந்துவிடும். அதிலிருந்து தப்பினாலும் சில வாரங்களின் பின்னர் இதயம் பழுதடைந்து இறப்பதும், கை கால் சோர்ந்துபோவதும் உண்டு. 1826இல் பிரான்சின் தூர் நகரத்து வைத்தியரான பியேர் பிரெத்தொனோ, பதப்படுத்திய தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்நோய்க்குப் பெயர் வைத்தார். அந்தப் படலம் அவருக்குத் தோலைப் போலத் தெரிந்தது.

ஒரு நேர்மையான விஞ்ஞானி

1883இல் எட்வின் கிளெப்ஸ் என்பவர் அந்தப் படலத்தினுள் கோல் வடிவக் கிருமிகளை நுணுக்குக்காட்டியில் கண்டார். அடுத்த ஆண்டு, பெர்லினில் றொபேர்ட் கொக்கிடம் பணியாற்றிய பிரீட்ரிக் லொஃப்லர், அக்கிருமியைத் தனியாகப் பிரித்து ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டினார். விலங்குகளுக்கு ஏற்றியபோது அவை இறந்தன. நோய்க்குக் காரணம் பிடிபட்டுவிட்டது என்று வேறு ஒருவராயிருந்தால் பறையறைந்திருப்பார்.

லொஃப்லர் அப்படிச் செய்யவில்லை. அவருக்கு இரண்டு விடயங்கள் இடித்தன. கிருமி தொண்டையில் மட்டுமே இருந்தது. ஆனால் இறந்த விலங்கின் இதயமும் ஏனைய உறுப்புகளும் பழுதாகி இருந்தன. கிருமி போகாத இடத்தில் எப்படிச் சேதம் வந்தது? அடுத்தது இன்னும் சிக்கலானது. ஒப்பீட்டுக்காக நோயில்லாத பிள்ளைகளின் தொண்டையையும் அவர் சோதித்தார். அவர்களுள் ஒரு பிள்ளையிடம் அதே கிருமி இருந்தது. அந்தப் பிள்ளை சுகமாக இருந்தது. நோயை உண்டாக்கும் கிருமி என்றால், ஆரோக்கியமான பிள்ளையிடம் அது என்ன செய்கிறது?

தனக்குச் சாதகமில்லாத இந்தத் தகவலை அவர் மறைக்காமல் 1884இல் தனது கட்டுரையிலேயே எழுதிவைத்தார். அந்த அம்மா தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு மூலக் கேள்வி இதுதான்.

நான்கு ஆண்டுகளின் பின்னர், 1888இல், ஹொஃப்மன் என்பவர் ஆரோக்கியமானவர்களின் தொண்டையில் இன்னொரு கிருமியைக் கண்டார். பார்வைக்கு டிப்தீரியாக் கிருமியின் உடன்பிறப்பு மாதிரியே இருக்கும். ஆனால் விலங்குகளுக்கு ஏற்றினால் ஒன்றும் ஆகாது. இப்படி உருவத்தில் ஒத்து, குணத்தில் வேறுபட்ட ஒரு குடும்பமே நமது மூக்கிலும் தொண்டையிலும் தோலிலும் குடியிருக்கிறது என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது.

கிருமி வேறு, நஞ்சு வேறு

லொஃப்லரின் முதலாவது புதிரை அதே 1888இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் எமில் ரூவும் அலெக்சாந்தர் யெர்சினும் அவிழ்த்தார்கள். கிருமி வளர்ந்த திரவத்தை, கிருமி புகமுடியாத மிக நுண்ணிய வடிகட்டியால் வடித்து எடுத்தார்கள். வடித்த நீரில் ஒரு கிருமி கூட இல்லை. ஆனால் அந்த நீரை ஏற்றிய கினிப்பன்றிகள் நோய் வந்ததுபோலவே இறந்தன. ஆகவே கொல்வது கிருமி அல்ல, கிருமி சுரக்கும் நஞ்சு. தொண்டையில் இருந்துகொண்டே கிருமி நஞ்சைச் சுரக்கிறது. இரத்தம் அதைக் கொண்டுபோய் இதயத்திலும் நரம்பிலும் சேர்க்கிறது.

எங்கள் கதையின் திறவுகோல் இதுதான். நேயர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நஞ்சுதான் எதிரி என்றால் நஞ்சுக்கு மாற்று வேண்டும். 1890இல் எமில் பேரிங்கும் ஜப்பானியரான கித்தசாத்தோவும், நஞ்சைச் சிறுகச் சிறுகப் பெற்ற விலங்கின் இரத்தத்தில் அதை முறிக்கும் பொருள் உண்டாவதைக் காட்டினார்கள். பின்னர் குதிரைகளின் இரத்தத்திலிருந்து அந்த எதிர்நஞ்சைப் பெருமளவில் தயாரித்தார்கள். 1894இல் பாரிஸ் பிள்ளைகள் வைத்தியசாலையில் ரூ அதைப் பயன்படுத்தியபோது இந்நோயால் இறப்போர் விகிதம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. 1901இல் மருத்துவத்துக்கான முதலாவது நோபல் பரிசு பேரிங்குக்குக் கிடைத்தது. இன்றைக்கும் டிப்தீரியாவுக்குக் கொடுக்கப்படும் எதிர்நஞ்சு குதிரையின் இரத்தத்திலிருந்தே வருகிறது.

நியூயோர்க்கின் தொண்டைகள்

லொஃப்லரின் இரண்டாவது புதிர் எஞ்சி நின்றது. அதைப் பெரிய அளவில் ஆராய்ந்தது நியூயோர்க் மாநகரம். 1893இல் அந்நகரச் சுகாதாரத் திணைக்களத்தின் ஆய்வுகூடத்தில் வில்லியம் பார்க் என்ற வைத்தியர் பொறுப்பேற்றார். நகரத்து மருந்துக்கடைகளில் சோதனைக் குழாய்கள் வைக்கப்பட்டன. எந்த வைத்தியரும் தன் நோயாளியின் தொண்டையைத் தடவி அந்தக் குழாயில் இட்டுக் கொடுத்தால், மறுநாள் ஆய்வுகூடம் முடிவு சொல்லும். இப்படி ஆயிரக்கணக்கான தொண்டைகளின் கணக்கு ஓரிடத்தில் சேர்ந்தது.

அந்தக் கணக்கில் வெளிவந்த உண்மைகள் மூன்று. நோய் மாறிய பிள்ளையின் தொண்டையில் கிருமி சில வாரங்கள் தங்கியிருந்தது. நோயாளியின் வீட்டில் நோயே வராத சகோதரர்களிடமும் கிருமி இருந்தது. நோயாளியோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆரோக்கியமான நகரவாசிகளிலும் நூற்றுக்கு ஒருவர் அளவில் வீரியமுள்ள கிருமியைக் கொண்டிருந்தார். இவர்களை நோய்க்காவிகள் என்கிறோம். சுமப்பவர்கள் என்று பொருள். சுமப்பவருக்குத் தான் சுமப்பது தெரியாது.

நோய்க்காவிகளுக்கு அந்தக் காலம் இலகுவாக இருக்கவில்லை. நோயாளியாக இருந்து மீண்ட பிள்ளை, நன்றாக ஓடி விளையாடும் நிலையில் இருந்தாலும், தொண்டைச் சோதனையில் கிருமி இல்லை என்று வரும்வரை தனிமையிலேயே இருக்க வேண்டும். சிலருக்கு அது வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு. தொண்டைக்கு மருந்து பூசிப் பார்த்தார்கள், கொப்பளிக்க வைத்தார்கள், ஒன்றும் பலிக்காதபோது டொன்சில் சதையை வெட்டி எடுத்தார்கள். கிருமி நஞ்சுள்ளதா நஞ்சில்லாததா என்று அறிய அதைக் கினிப்பன்றிக்கு ஏற்றிப் பார்ப்பார்கள். கினிப்பன்றி பிழைத்தால் பிள்ளைக்கு விடுதலை. 1940களில் பெனிசிலின் வந்த பிறகுதான் சில நாள் மருந்தோடு கிருமியைப் போக்க வழி பிறந்தது.

நஞ்சுக்கு எதிரான ஊசி

இதற்கிடையில் 1923இல் பாரிஸில் காஸ்தோன் ரமோன் என்பவர் ஒரு பெரிய காரியம் செய்தார். நஞ்சைப் போமலினோடு கலந்து மெல்லிய சூட்டில் வைத்தால் அதன் கொல்லும் குணம் போய்விடுகிறது. ஆனால் உடம்பு அதை நஞ்சென்றே எண்ணி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்கிறது. பல்லுப் பிடுங்கிய பாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று உலகம் முழுவதும் பிள்ளைகளுக்குப் போடப்படும் டிப்தீரியாத் தடுப்பூசி இதே முறையில் தயாரிக்கப்படுவதுதான். நாங்கள் சிறுவயதில் போட்டுக்கொண்ட முக்கூட்டுத் தடுப்பூசியில், குக்கல், ஏற்புவலி ஆகியவற்றோடு மூன்றாவதாக இருந்தது இது.

பலன் எப்படி? பிரித்தானியாவில் 1940இல் 61,000க்கும் மேற்பட்டோருக்கு டிப்தீரியா வந்தது. 3,283 பேர் இறந்தனர். அந்த ஆண்டில்தான் நாடளாவிய தடுப்பூசி இயக்கம் அங்கே தொடங்கியது. பதினேழு ஆண்டுகளின் பின்னர், 1957இல், நோயாளிகள் 38 பேர், மரணங்கள் ஆறு. இதைவிடத் தெளிவான ஐந்தொகையை நான் என் தொழிலில் கண்டதில்லை.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஊசி நஞ்சுக்கு எதிரானது. கிருமிக்கு எதிரானது அல்ல. ஊசி போட்டவரின் இரத்தத்தில் நஞ்சை முறிக்கும் சக்தி இருக்கும். தொண்டையில் வந்து ஒட்டிக்கொள்ளும் கிருமியை அந்தச் சக்தி துரத்துவதில்லை. கிருமி வரலாம், சில வாரங்கள் தங்கலாம், இருமலோடு இன்னொருவருக்குப் போகலாம். வீட்டுக்காரருக்கு ஒரு தீங்கும் இராது.

எல்ஜின் நகரத்துப் பாடசாலை

இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய சம்பவம் 1970இன் வசந்தகாலத்தில் அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்தில் எல்ஜின் என்ற சிறு ஊரில் நடந்தது. அங்கே டிப்தீரியா பரவியபோது, ஆரம்பப் பாடசாலையின் மாணவர்களும் பணியாளர்களுமாக 306 பேரின் தொண்டையைச் சோதித்து, ஒவ்வொருவரின் தடுப்பூசி விபரத்தையும் சரிபார்த்தார்கள். 104 பேரிடம் கிருமி இருந்தது. அதாவது மூன்றில் ஒருவர். அந்த 104 பேரில் நோய்க்குறி கண்டவர்கள் 15 பேர் மட்டுமே. மிகுதி 89 பேரும் சுகதேகிகளான நோய்க்காவிகள்.

முழுமையாக ஊசி போட்டவர், அரைகுறையாகப் போட்டவர், போடாதவர் என்று பிரித்துப் பார்த்தபோது, கிருமி தொற்றுவதில் இவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கிருமி ஊசி அட்டையைப் பார்த்து ஆளைத் தெரிவுசெய்யவில்லை. ஆனால் நோய் வருவதில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருந்தது. ஊசியே போடாதவருக்கு நோய் வரும் ஆபத்து, முழுமையாகப் போட்டவரைவிட 30 மடங்கு. அரைகுறையாகப் போட்டவருக்கு 11.5 மடங்கு.

இதற்குப் பின்னர் நடந்த ஆய்வுகளையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். பல நாடுகளின் பழைய தரவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, மூன்று ஊசி பெற்றவருக்கு நோய் வரும் வாய்ப்பு 87 வீதம் குறைகிறது என்றும், மற்றவருக்குப் பரவுவதும் ஏறக்குறைய 60 வீதம் குறைகிறது என்றும் கணக்கிட்டது. இருமித் தும்மும் நோயாளியைப் போல நோய்க்காவி பரப்புவதில்லை. ஆகவே ஊசி பரவலையும் தணிக்கிறது. ஆனால் முற்றாக நிறுத்துவதில்லை.

நஞ்சில்லாத உறவினர்கள்

சில டிப்தீரியாக் கிருமி நஞ்சு சுரக்கிறது, சில சுரப்பதில்லையே, ஏன்? இதற்கு 1951இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்தில் விக்டர் ஃபிரீமன் என்ற ஆய்வாளர் கண்ட விடை எல்லோரையும் வியக்க வைத்தது. கிருமிகளையும் தாக்கும் வைரசுகள் உண்டு. நஞ்சில்லாத டிப்தீரியாக் கிருமிக்குள் ஒரு குறிப்பிட்ட வைரசு புகுந்து தங்கிவிட்டால், அந்தக் கிருமி நஞ்சு சுரக்கத் தொடங்கிவிடுகிறது. நஞ்சைத் தயாரிக்கும் குறிப்பைக் கிருமி பிறவியில் கொண்டிருப்பதில்லை. வைரசு கொண்டுவந்து கொடுக்கிறது. கிருமிக்கே ஒரு தொற்று வந்து, அதனால் அது கொலைகாரனாகிறது.

இதனால்தான் நஞ்சில்லாத கிருமியைச் சுமக்கும் ஆரோக்கியமான மனிதரையும் வைத்தியத்துறை கவனிக்கிறது. அவருடைய தொண்டையில் இருப்பது இன்று சாது. அதே தொண்டைக்கு நஞ்சுள்ள கிருமி ஒன்று வந்து, அதிலிருந்து வைரசு தாவினால் நிலைமை மாறக்கூடும்.

தடுப்பூசியின் இன்னொரு பலனும் இங்கேதான் தெரிகிறது. ருமேனியாவில் தடுப்பூசி பரவலாவதற்கு முன்னும் பின்னும் மக்களின் தொண்டைகளிலிருந்து எடுத்த கிருமிகளை நீண்ட காலம் சோதித்து வந்தார்கள். தொடக்கத்தில் பெரும்பாலானவை நஞ்சுள்ளவையாக இருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல நஞ்சுள்ளவை அருகி, நஞ்சில்லாதவையே மிஞ்சின. நஞ்சினால் கிருமிக்குக் கிடைத்த ஆதாயம், எல்லோரும் நஞ்சை முறிக்கும் சக்தி பெற்றுவிட்ட சமூகத்தில் இல்லாமற் போய்விடுகிறது என்பது இதற்கு விஞ்ஞானிகள் தரும் விளக்கம்.

நஞ்சில்லாதவை முற்றிலும் தீங்கற்றவை என்றும் சொல்ல முடியாது. 1990களின் தொடக்கத்தில் நாம் வாழும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலேயே, நஞ்சில்லாத டிப்தீரியாக் கிருமி இரத்தத்தில் புகுந்து இதய வால்வைப் பழுதாக்கிய ஏழு நோயாளிகளைப் பற்றி வைத்தியர்கள் 1993இல் எழுதினார்கள். நஞ்சுக்கு எதிரான ஊசி இந்த வகை நோயைத் தடுக்காது. அரிதுதான், ஆனாலும் உண்டு. பிரித்தானியாவில் இதே குடும்பத்து இன்னொரு கிருமி, முன்பு காய்ச்சாத பாலின் மூலமும் பின்னர் வீட்டு நாய் பூனைகளின் மூலமும் மனிதருக்குத் தொற்றி, டிப்தீரியா போன்ற நோயைக் கொடுத்ததும் பதிவாகியுள்ளது.

சோவியத் நாட்டில் வளர்ந்தவர்கள்

இனி இந்த வரலாற்றின் மிகத் துயரமான பகுதி. சோவியத் ஒன்றியம் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக ஊசி போட்டு, 1970களில் டிப்தீரியாவை ஏறக்குறைய ஒழித்துவிட்டிருந்தது. 1990இல் மொஸ்கோ போன்ற பெருநகரங்களில் நோய் மீண்டும் தலைதூக்கியது. 1994 முடிவதற்குள் பழைய ஒன்றியத்தின் பதினைந்து நாடுகளுக்கும் பரவிவிட்டது. 1995இல் மட்டும் 50,000க்கு மேற்பட்ட நோயாளிகள். அந்தத் தசாப்தத்தில் மொத்தம் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்று, ஏறக்குறைய 5,000 பேர் இறந்தனர்.

ரஷ்யாவில் நோயுற்றவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைகள் அல்லர்; வளர்ந்தவர்கள். அதிலும் நாற்பது வயதுகளில் இருந்தவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். பிள்ளைகளின் நோய் என்று பெயரெடுத்த ஒன்று பெரியவர்களைத் தாக்கியது எப்படி?

ஊசியால் வரும் சக்தி ஆயுள்முழுதும் நிலைப்பதில்லை. பத்து ஆண்டுகள் போகப் போகத் தேய்கிறது. முற்காலத்தில் கிருமி எங்கும் உலாவியதால், அது அவ்வப்போது தொண்டையில் வந்து போய், மக்களுக்குத் தெரியாமலே சக்தியைப் புதுப்பித்து வந்தது. தடுப்பூசியால் கிருமி அருகியதும் அந்தப் புதுப்பித்தலும் நின்றது. பெரியவர்களுக்கு மீண்டும் ஊசி போடும் ஏற்பாடும் இருக்கவில்லை. அதே காலத்தில், சிறு தடிமன் காய்ச்சலையும் காரணம் காட்டிப் பிள்ளைகளின் ஊசியைப் பிற்போடும் பழக்கம் வைத்தியர்களிடையே வளர்ந்தது. வீரியம் குறைந்த ஊசியும் பல பிள்ளைகளுக்குப் போடப்பட்டது. தடுப்பூசியைப் பற்றிய அவநம்பிக்கையைப் பத்திரிகைகள் பரப்பின. பின்னர் நாடே உடைந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தார்கள். மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது.

நோய்தான் இல்லாமற் போயிருந்தது. கிருமி போகவில்லை. ஆரோக்கியமானவர்களின் தொண்டைகளில் அது காத்திருந்தது. கணக்காளர்களாகிய நாங்கள் ஆண்டு முடிவில் புத்தகத்தில் உள்ள இருப்பை மட்டும் நம்பிக் கையெழுத்து வைப்பதில்லை. களஞ்சியத்துக்குப் போய் மூட்டையை எண்ணிப் பார்ப்போம். சோவியத் சுகாதாரத்துறையின் புத்தகத்தில் நோய் பூச்சியத்துக்குக் கிட்ட நின்றது. களஞ்சியத்தை எவரும் எண்ணவில்லை.

அதை அடக்கிய வழியும் குறிப்பிடத்தக்கது. பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, வளர்ந்த கோடிக்கணக்கானோருக்கும் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஊசி போட்டார்கள். 1995இன் பின்னர் நோய் இறங்குமுகமானது.

ஒலொட் சிறுவனும் எங்கள் வீடுகளும்

இப்போது அந்த ஸ்பானியச் சிறுவனிடம் திரும்புவோம். அவனுக்கு உடனே எதிர்நஞ்சு தேவைப்பட்டது. ஸ்பெயினில் அது இருக்கவில்லை. நோயில்லாத நாடுகளில் அதை வாங்குவார் இல்லாததால் தயாரிப்போரும் அருகிவிட்டார்கள். பல இடங்களில் கேட்டு, கடைசியில் அது ரஷ்யாவிலிருந்து வந்தது. 1990களின் பெருந்துயரைக் கண்ட நாட்டிடம்தான் மருந்து இருந்தது. ஆயினும் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

தொலைபேசியில் கேட்ட அம்மாவுக்கு நான் இப்போது சொல்லக்கூடிய பதில் இதுதான். அந்த எட்டுப் பிள்ளைகளின் தொண்டையிலும் அதே கிருமி இருந்தது; அதே நஞ்சு. அவர்கள் அனைவரும் பிழைத்து விளையாடித் திரிந்ததற்குக் காரணம் அந்த ஊசி. ஊசி போட்டும் கிருமி இருந்தது என்று அந்தச் செய்தியை வாசிப்பதைவிட, கிருமி இருந்தும் பிள்ளைகள் இருந்தார்கள் என்று வாசிக்க வேண்டும்.

ஆனால் இதற்குள் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஊசி போட்டவர்கள் சூழ இருந்தால் ஊசி போடாத பிள்ளையும் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். டிப்தீரியா விடயத்தில் அந்த நினைப்பு அரைவாசிதான் சரி. சுகமாக இருக்கும் ஒரு பாட்டனோ மாமனோ கிருமியைக் கொண்டுவந்து பிள்ளையின் கன்னத்தில் முத்தமிடலாம். அவருக்கே அது தெரியாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் சொந்த ஊசி வேண்டும்.

இது தூரத்து நாட்டுக் கதை அல்ல. 2016இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் நோய் பரவி மரணங்கள் நேர்ந்தன. 2022இல் இங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கில், ஊசி போடப்படாத சிறுவர்கள் இருவருக்கு டிப்தீரியா வந்தது. தொண்டை டிப்தீரியா இம்மாநிலத்தில் இந்த நூற்றாண்டில் வந்தது அதுவே முதற்தடவை. அதே ஆண்டில் ஐரோப்பாவுக்குப் புகலிடம் தேடி வந்தவர்கள் பலரின் தோற் புண்களில் இக்கிருமி காணப்பட்டது. நெருக்கமான முகாம்களில் தங்கவைக்கப்பட்டவர்கள் அவர்கள். முகாம் வாழ்க்கை என்னவென்று தெரிந்த எமது மக்கள் இந்த மனிதரை நோய் கொண்டுவந்தவர்கள் என்று தூற்ற மாட்டார்கள் என்று நம்புகிறேன். பெனிசிலின் வகை மருந்தும் ஓர் ஊசியும் சுத்தமான தங்குமிடமுமே அவர்களுக்கு வேண்டியவை.

இந்தக் கட்டுரைக்காக வாசித்துக்கொண்டிருந்த ஒருநாள், நான் கடைசியாக இந்த ஊசியை எப்போது போட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். விடை தெரியவில்லை. சிறுவயது அட்டை இடப்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. எங்கள் தலைமுறையில் பலருடைய நிலைமை இதுவே. பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றிய பெற்றோர், ஊசி அட்டையைக் காப்பாற்ற நினைத்திருக்க மாட்டார்கள். நான் ரஷ்யாவில் இருந்திருந்தால் எந்த வயதுக்காரர் அதிகம் இறந்தார்களோ அந்த வயதைத் தாண்டி வந்திருக்கிறேன்.

அடுத்த கிழமையே குடும்ப வைத்தியரிடம் போனேன். அவுஸ்திரேலியாவில் ஐம்பது வயதை எட்டியவர்கள், கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டு கடந்திருந்தால், பூஸ்டர் என்று சொல்லும் ஊக்க ஊசி ஒன்றைப் போட்டுக்கொள்ளும்படி சிபாரிசு செய்யப்படுகிறது. டிப்தீரியா, ஏற்புவலி, குக்கல் மூன்றுக்கும் சேர்ந்த ஊசி அது. முன்பு போட்டதற்கு எந்தப் பதிவும் இல்லாதவர்களுக்கு மூன்று தடவை போடுவார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் இலவசமாகப் போடப்படுகிறது. எனக்குக் கை இரண்டு நாள் நோவெடுத்தது, வேறொன்றுமில்லை.

பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சும் நேயர்களிடமும், விடுமுறைக்கு ஊருக்குப் போக இருக்கும் நேயர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. உங்கள் அட்டையை ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வைத்தியரிடம் போய்க் கேளுங்கள். கேள்வி கேட்ட அந்த அம்மா இதை வாசித்தால், பதில் சொல்ல இத்தனை காலம் சென்றதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.